இரண்டு பெடலும் ஒரே சத்தம்

எங்கள் ஊரான பகாவில், மண்டபம் ஒன்றில் மதியக் கல்யாண விருந்து. மேடையில் நாங்கள் நான்காவது பாட்டை வாசித்துக்கொண்டிருந்தோம். முன்வரிசை மேசையில் இருந்த ஒரு பெரியவர் டிஷ்யூவைக் கிழித்து, உருட்டி, இரண்டு காதிலும் செருகிக்கொண்டார். முகத்தில் கோபம்கூட இல்லை. சோற்றில் கிடக்கும் கல்லை எடுத்து இலையோரம் வைப்பதுபோல நிதானமாகச் செய்தார். டிரம் சத்தம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் திரும்பி டிரம் வாசிப்பவரைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சாமான்களை வேனில் ஏற்றும்போது என் சகலை விஷயத்தைச் சொன்னான். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் அவன்தான். மேடை பிடிப்பதும் ஆள் சேர்ப்பதும் அவனே.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கிட்டாரு காத குத்துது. மூணு ஷோவா இப்படித்தான் இருக்கு.”

“அப்ப ஏன் அப்பவே சொல்லல?”

“சொன்னேன்லா. நீங்கதான் தலையாட்டிட்டுப் போயிட்டீங்க.”

அப்படி அவன் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. பொய் சொல்கிறான் என்று பட்டது. அவன் வேனின் கதவைச் சாத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் மீதியையும் சொன்னான்.

“அடுத்த மாசம் சிரம்பான்ல ரிசெப்ஷன் இருக்கு. அதுக்குள்ள சவுண்ட சரி பண்ணிடுங்க. இல்லாட்டி மந்தின்ல ஒருத்தரு நல்லா வாசிக்கிறாராம். இந்த ஒரு தடவைக்கு அவரக் கூப்பிடலாம்னு மத்தவங்க சொல்றாங்க.”

இந்த ஒரு தடவைக்கு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு, முன்னால் இருந்த கிட்டார்காரருக்குக் காய்ச்சல் என்று ஒரு தடவைக்குக் கூப்பிடப்பட்டவன்தான் நான். அவர் காய்ச்சல் சரியாகி வந்தபோது அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தைக் காட்ட ஓர் ஆள் வேண்டும். என் கிட்டாரோடு இணைக்கும் பழைய பெடல் அகப்பட்டது. அது யாரோ வாசித்துக் கழித்ததை நான் வாங்கியது. காலால் மிதிக்கும் நான்கு பொத்தானில் ஒன்று வேலை செய்யாது, இன்னொன்று குதிகாலால் மிதித்தால் மட்டும் மனம் இரங்கும். கிட்டாரின் சத்தம் இதற்குள் போய், எதிரொலியோ கரகரப்போ சேர்த்துக்கொண்டு ஸ்பீக்கருக்குப் போக வேண்டும். வயசான பெட்டி, சத்தத்தைக் கெடுக்காமல் என்ன செய்யும்? புதிதாக ஒன்று வாங்கிவிட்டால் சகலையும் வாயை மூடுவான், மந்தின்காரரும் மந்தினிலேயே இருப்பார் என்று முடிவு செய்தேன்.

மனைவி ஐநூறு வெள்ளி வரைக்கும் செலவழிக்கச் சம்மதித்தாள். அதற்கு மேல் பேச்சே இல்லை என்றாள். ஐநூறு வெள்ளிக்குள் பெடல் வாங்குவது அவ்வளவு பெரிய காரியமா என்று நானும் நினைத்தேன். அங்கே பிடித்தது குழப்பம்.

முதலில் வீடியோக்கள். செம்பனை எண்ணெய் எடுக்கும் பாமாயில் மில்லில் பாய்லர் பார்ப்பது என் வேலை. மாலை வேலை முடிந்து வந்து குளித்து, தேநீரோடு உட்கார்ந்தால் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பேன். குறைந்த விலையில் இதைவிட நல்லது இல்லை என்று ஒருவர் சத்தியம் செய்தார். அடுத்தவர் அதே பெட்டியை மேசையில் வைத்து, இதை வாங்கினால் பணம் தண்டம் என்றார். மூன்றாமவர் இரண்டு பேரும் சொல்வது சரிதான் என்றார். ஒன்றில் இருநூறு சத்தம் இருந்தது. எனக்கு வேண்டியது நாலு. பழைய பாட்டுக்கு ஒன்று, குத்துப் பாட்டுக்கு ஒன்று, மெல்லிசைக்குக் கொஞ்சம் எதிரொலி, தனியாக வாசிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கரகரப்பு. மீதி நூற்றுத் தொண்ணூற்றாறை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஆனால் இருநூறு இருக்கிறது என்று தெரிந்த பிறகு நாலு உள்ளதைப் பார்த்தால் மட்டமாகத் தெரிந்தது.

“பெடல் வாங்க நீங்க பாக்குற வீடியோவுக்கு இந்நேரம் பெடலே செஞ்சிருக்கலாம்” என்றாள் மனைவி.

ஒரு வீடியோவில் தாடிக்காரர் ஒருவர் இரண்டு பெடல்களை மாற்றி மாற்றி வாசித்துவிட்டு, வித்தியாசம் கேட்டதா என்று கண்ணை அகல விரித்தார். நான் கேட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை. போன் ஸ்பீக்கர் சரியில்லை என்று ஹெட்போனை மாட்டினேன். அப்போதும் இல்லை. ஹெட்போன் மலிவு என்று மகளுடைய விலை கூடிய ஹெட்போனை எடுத்தேன். அதிலும் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. இணையம் சத்தத்தைச் சப்பையாக்கித்தான் அனுப்புகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். இப்படி ஒவ்வொன்றாகக் குற்றம் சொல்லிக்கொண்டே போனேனே தவிர, சொல்லாமல் விட்டது எது என்று யோசிக்கவில்லை.

யோசனை கேட்கப் போனால் அது இன்னும் மோசம். சகலை கறுப்புப் பெட்டியை வாங்கச் சொன்னான். எங்கள் கீபோர்டு வாசிக்கும் பெண், சின்னத் திரை வைத்த வெள்ளைப் பெட்டிதான் இந்தக் காலத்துக்கு என்றாள். வாட்சப் குழுவில் இருந்தவர்கள், இரண்டும் வேண்டாம், பழையதாக நல்ல கம்பெனிச் சாமான் வாங்கு என்றார்கள். எந்த நல்ல கம்பெனி என்று கேட்டதற்கு அவர்களுக்குள் சண்டை வந்து ஒருவர் குழுவைவிட்டே போய்விட்டார். நான் யாரிடம் என்ன கேட்டேன் என்பதே எனக்கு மறந்துபோனது. ராத்திரிச் சாப்பாட்டின்போது கறுப்பு என்பேன், காலையில் பசியாறும்போது வெள்ளை என்பேன். ரிசெப்ஷனுக்கு இரண்டே வாரம்தான் இருந்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி காடி சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, “கெளம்புங்க, இன்னிக்கு வாங்கிட்டுத்தான் வர்றோம்” என்றாள். சிரம்பானில் இசைக்கருவிக் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் ஐம்பதைத் தாண்டிய சீனர், மெலிந்த மனிதர், அவரே நன்றாக வாசிப்பவர். எங்களோடு மலாயில் பேசினார். கறுப்பையும் வெள்ளையையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே கிட்டாரை இரண்டுக்கும் இணைத்தார். காலால் ஒரு பொத்தானை மிதித்தால் கறுப்பு, இன்னொரு தடவை மிதித்தால் வெள்ளை.

“டெங்கார் யா” என்றார். கேட்டுக்கொள் என்று அர்த்தம்.

வாசித்தார். மிதித்தார். கறுப்புக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வாசித்தார். மிதித்தார். வெள்ளைக்குப் பச்சை எரிந்தது. நான் தலையை ஆட்டினேன். பச்சை எரிந்தபோது “இதில் இனிமை அதிகம்” என்றேன். சிவப்பு எரிந்தபோது “இதில் கனம் அதிகம்” என்றேன். வீடியோவில் கற்ற வார்த்தைகள் ஒன்றுகூட வீண் போகவில்லை. கடைக்காரர் மரியாதையோடு என்னைப் பார்த்தார். மனைவிகூடக் கொஞ்சம் அசந்துபோனாள் என்று நினைக்கிறேன்.

பிறகு கிட்டாரை என் கையில் கொடுத்தார். நான் வாசித்துப் பார்த்தேன். சத்தம் மந்தமாக இருந்தது, கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வாசிப்பதுபோல. குனிந்து, ட்ரெபிள் என்ற குமிழைத் திருகினேன். கீச்சுச் சத்தங்களைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் அதுதான். பாதிக்கு மேல் வைத்தேன், போதவில்லை. முக்கால் வைத்தேன். முழுதும் திருகிய பிறகுதான் ஒவ்வொரு சுரமும் பளிச்சென்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஆசை தீர ஒரு பாட்டு வாசித்தேன். கண்ணைத் திறந்தபோது, உக்குலேலே பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி கடையின் மறுகோடிக்குப் போயிருந்தார்.

“ஏங்க, கொறைங்க. தாங்க முடியல” என்றாள் மனைவி.

“இப்பதாம்மா தெளிவா இருக்கு.”

அவள் என்னையும் பெடலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கடைக்காரரிடம் மறுபடி வாசித்துக் காட்டச் சொன்னாள். என்னிடம், “நீங்க அவரு காலையே பாக்குறீங்க. அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க” என்றாள்.

“எதுக்கு?”

“சும்மா நில்லுங்க.”

சுவரில் கிட்டார்கள் வரிசையாகத் தொங்கின. அவற்றைப் பார்த்தபடி நின்றேன். பின்னால் கடைக்காரர் வாசிக்கத் தொடங்கினார். சின்ன வரி ஒன்று, அதையே திரும்பத் திரும்ப.

“இப்ப எது?” என்றாள்.

“கறுப்பு.”

“இப்ப?”

“கறுப்புதான்.”

“இப்ப?”

“இன்னும் மாத்தலையே. மாத்தச் சொல்லு.”

வாசிப்பு நின்றது. நான் திரும்பினேன். கடைக்காரர் என்னைப் பார்க்காமல், சுருதி சரியாக இருந்த கம்பியையே மறுபடி சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் முகம் வெளுத்திருந்தது.

“மூணு தடவ மாத்தினாருங்க” என்றாள்.

எனக்கு வந்தது கோபம்தான். இரண்டு பெட்டிக்குள்ளும் ஒரே சாமான்தான், மேலே பெயின்ட் மட்டும்தான் வேறு, இவர்கள் ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று தமிழில் சத்தம் போட்டேன். நல்ல வேளை, கடைக்காரருக்குப் புரியவில்லை. மனைவி என் கையைப் பிடித்தாள்.

“ரெண்டும் வேற வேறங்க. எனக்கு கிட்டாரப் பத்தி ஒண்ணும் தெரியாது, எனக்கே தெரியுது. வெள்ளையில மேல சலங்க மாதிரி ஒண்ணு கேக்குது. கறுப்புல அது இல்ல. உங்களுக்கு அது கேக்கலையா?”

சலங்கையா? எந்தச் சலங்கை? அவள் என்னைக் கேலி செய்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை. காலைப் பார்த்துப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

எங்கள் மில்லுக்கு வருடத்துக்கு ஒரு தடவை காது பரிசோதிக்க ஒரு வேன் வரும். உள்ளே சின்ன அறை, சின்னக் கண்ணாடி ஜன்னல். ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து உட்கார வைப்பார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கேட்கவில்லை என்று வந்துவிட்டால் பாய்லரிலிருந்து மாற்றிவிடுவார்கள். வெயிலில் பழக்குலை இறக்கும் இடத்துக்குப் போக வேண்டும், ஓவர்டைமும் போய்விடும். அதனால் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே எல்லோரும் ஒரு வித்தை கற்றுக்கொள்வோம். ஜன்னல் வழியாகப் பரிசோதிக்கும் பெண்ணின் முழங்கையைப் பார்க்க வேண்டும். அவள் சத்தம் கொடுக்கும்போது முழங்கை கொஞ்சம் அசையும். அசைந்ததும் அமுக்க வேண்டும். எங்களில் யாரும் அதை மோசடி என்று நினைத்ததில்லை. அரசாங்கப் பாரத்தில் கையெழுத்துப் போடுவது மாதிரி அது ஒரு காரியம், அவ்வளவுதான். எத்தனையோ வருடமாக நான் நல்ல காதுக்காரன் என்று காகிதம் வாங்கி வருகிறேன். நாளாக ஆக அந்தக் காகிதத்தை நானே நம்பியும் விட்டேன்.

மில்லுக்குள் யாரும் காதால் பேசுவதில்லை. பாய்லர் ஒரு பக்கம், பழம் வேகவைக்கும் கொப்பரை நீராவி விடுவது ஒரு பக்கம், பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. உதட்டையும் கையையும் பார்த்தே எல்லா வேலையும் நடக்கும். காதில் வைக்கச் சொல்லிக் கொடுத்த அடைப்பான் கழுத்தில் மாலையாகத் தொங்கும். அதிகாரி வருகிறார் என்று கை காட்டினால் காதுக்குள் போகும். அவர் போனதும் கழுத்துக்கு வரும். உதட்டைப் பார்த்தே பழகியவனுக்குக் காது போனது எப்படித் தெரியும்? சகலை என்னிடம் சொன்னேன் என்றானே, நான் தலையாட்டினேன் என்றானே, அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். அவன் அப்போது வேறு பக்கம் திரும்பி நின்றிருப்பான்.

கடையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மனைவிதான் பெடலைத் தேர்ந்தெடுத்தாள். கறுப்பு. சலங்கைச் சத்தம் வெள்ளையில்தான் கேட்கிறது என்றாயே என்று கேட்டேன்.

“வெள்ளையில எல்லாத்தையும் திரைக்குள்ள போயி மாத்தணும். இதுல திருகுற நாப்பெல்லாம் வெளிய இருக்கு. யாராச்சும் பாத்து வெச்சு விடலாம்ல” என்றாள்.

அவள் வேண்டுமென்றே அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்த “யாராச்சும்” என்ற வார்த்தை பகாவ் வந்து சேரும் வரைக்கும் என் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. மூன்று வாரமாக நான் பார்த்த வீடியோக்களில் ஒருவரும் அப்படி ஒரு காரணம் சொல்லவில்லை.

மறுவாரம் மம்பாவில் சகலை வீட்டில் ஒத்திகை. நான் அவனிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கடைசியில் “நீயே சவுண்டு வெச்சு விடுப்பா, எனக்கு இந்தப் புதுப் பெட்டி புரியல” என்று மட்டும் சொன்னேன். அவன் குனிந்து, ட்ரெபிளைக் கால்வாசிக்குக் கொண்டுவந்தான். வாசித்தேன். எனக்குக் கேட்டது போர்வைக்குள் யாரோ முனகுவதுபோல இருந்தது.

“ஆ, இதுதாண்ணே! இப்படித்தான் இருக்கணும். சூப்பர்லா” என்று துள்ளினான்.

நான் சிரித்தேன். அவன் சொன்னதை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. ரிசெப்ஷனும் அப்படியே நடந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. மந்தின்காரர் பேச்சையும் பிறகு யாரும் எடுக்கவில்லை. என் நாற்காலி எனக்கே இருந்தது. மேடைக்குக் கீழே வந்து ஒருவர் கையைக் குலுக்கி, “தேன் மாதிரி வாசிச்சீங்க” என்றார். எனக்கு அழுகை வந்தது. என் கையிலிருந்து தேன் போகிறது, எனக்கு மட்டும் ஒரு சொட்டு இல்லை.

குழுவில் என் இடம் தப்பித்தது, சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே என்று மனைவி கேட்டாள். இருக்க முடியவில்லை. எவ்வளவு போயிருக்கிறது, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் ஒருவன் எப்படிக் கிட்டாரைத் தொடுவான்? போனது போகட்டும், மிச்சம் இருப்பதையாவது பாய்லருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாமா என்று ஓர் எண்ணம். பாய்லரை விட்டால் வெயில், ஓவர்டைம் இல்லை, மகளுக்குக் காலேஜ் என்று உடனே இன்னோர் எண்ணம். முன்பு கறுப்பா வெள்ளையா என்று திண்டாடியதெல்லாம் விளையாட்டு என்று இப்போது தோன்றியது. அதே தவிப்பில் இருந்தபோதுதான் காது பார்க்கும் வேன் வந்தது.

வழக்கம்போல வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி, தன் முழங்கையை ஆட்டிக் காட்டிச் சிரித்தார். இந்த முறை பரிசோதிக்க வந்தது நம் தமிழ்ப் பெண். உள்ளே போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். ஜன்னல் வழியாக அவள் முழங்கை நன்றாகத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூடியிருந்தேன்.

முதல் சத்தம் கேட்டது. அமுக்கினேன். இரண்டாவது கேட்டது. மூன்றாவது கொஞ்சம் தூரத்தில் கேட்டது. அப்பாடா என்று இருந்தது. பரவாயில்லை, பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை என்று தெம்பு வந்தது. பிறகு அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் கொடுக்கவில்லை. ஏதோ எழுதுகிறாள் போலிருக்கிறது என்று காத்திருந்தேன். விரல் பொத்தானின் மேல் தயாராக இருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. இயந்திரம் கெட்டுவிட்டதா, என்னை மறந்துவிட்டு அடுத்தவரோடு பேசுகிறாளா என்றுகூட நினைத்தேன். இருந்தும் கண்ணைத் திறக்கவில்லை.

தோளில் கை பட்டது. கண்ணைத் திறந்தேன். அவள் கதவைத் திறந்துகொண்டு பக்கத்தில் நின்றாள். ஹெட்போனைக் கழற்றினேன்.

“மீதிச் சத்தம் இன்னும் வரலையேம்மா” என்றேன்.

அவள் என் முகத்துக்கு நேராகக் குனிந்து, உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னாள்.

“எல்லாம் வந்துட்டுப் போயிருச்சு அங்கிள்.”